டிஜிட்டல் பொருளாதார ஒப்பந்தத்தை வாசிப்பது எப்படி?

டிஜிட்டல் பொருளாதாரத்தில் ஒத்துழைக்க இரண்டு நாடுகள் உடன்பட்டன என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. அமைச்சர்கள் கைகுலுக்கும் படம் இருக்கும். தரவுகள் எல்லை கடந்து தடையின்றிச் செல்லும் என்றும், சிறு தொழில்களுக்குப் புதிய சந்தை திறக்கும் என்றும் இரண்டு வரிகள் இருக்கும். அந்த நாட்டுக்கு மென்பொருள் விற்பவரோ, இணையவழிச் சேவை அளிப்பவரோ, இதைப் பற்றி எழுத வேண்டிய செய்தியாளரோ மறுநாள் காலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்று வரை கட்டாயமில்லாத எது இன்று கட்டாயமாகியிருக்கிறது? அதற்கான விடை செய்திக்குறிப்பில் இருக்காது. ஒப்பந்தத்தின் மூலத்தைத்தான் வாசிக்க வேண்டும். அதை எந்த வரிசையில் வாசித்தால் நேரம் வீணாகாது என்பதை ஓர் உண்மையான ஒப்பந்தத்தை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது சிங்கப்பூர், நியூசிலாந்து, சிலி ஆகிய மூன்று நாடுகள் செய்துகொண்ட டிஜிட்டல் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டீப்பா’ என்று அழைக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 12 அன்று, மூன்று நாடுகளும் இணையவழியிலேயே இதில் கையெழுத்திட்டன. இதில் 16 தொகுதிகள் உள்ளன. மின்னணு விலைப்பட்டியல் முதல் செயற்கை நுண்ணறிவு வரை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரித்து எழுதப்பட்டிருப்பதால், வாசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான ஒப்பந்தம் கிடைப்பது அரிது.

முதலில் வகை, அடுத்துத் தேதி

‘ஒப்பந்தம்’ என்ற ஒரே சொல்லால் நம் நாளிதழ்கள் நான்கு வெவ்வேறு ஆவணங்களைக் குறிக்கின்றன. தடையற்ற வணிக ஒப்பந்தம் ஒன்றுக்குள் வரும் மின்வணிக அத்தியாயம் ஒரு வகை. டிஜிட்டல் விவகாரங்களுக்கென்றே தனியாக எழுதப்படும் உடன்படிக்கை இன்னொரு வகை. அமைச்சகங்களோ ஒழுங்குமுறை ஆணையங்களோ தமக்குள் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஆவணம் மூன்றாவது. தலைவர்களின் கூட்டறிக்கை நான்காவது. முதல் இரண்டும் பன்னாட்டுச் சட்டத்தின்படி நாடுகளைக் கட்டுப்படுத்துபவை. மற்ற இரண்டும் பெரும்பாலும் அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் கட்டுப்படுத்தாத ஆவணத்தை உடனே ஒதுக்கிவிடக் கூடாது. சில வேளைகளில் உண்மையான வேலையை அதுதான் செய்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வகை தெரிந்ததும் தேதியைப் பாருங்கள். கையெழுத்தான நாள் செய்திக்குரியது. நடைமுறைக்கு வந்த நாள்தான் உங்களுக்குரியது. டீப்பா, சிங்கப்பூருக்கும் நியூசிலாந்துக்கும் இடையே 2021 ஜனவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது; சிலிக்கு அதே ஆண்டு நவம்பர் 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்கொரியா 2021 இலேயே சேர விருப்பம் தெரிவித்தும், 2024 மே 3 அன்றுதான் உறுப்பினராயிற்று. சீனா 2021 நவம்பரில் விண்ணப்பித்தது, கனடாவும் விண்ணப்பித்திருக்கிறது. விண்ணப்பித்த நாடு எதுவும் அதனாலேயே எந்தக் கடமையையும் ஏற்றுக்கொண்டதாகாது என்பதால், ‘சீனா டீப்பாவில் இணைகிறது’ என்ற வகைத் தலைப்புகளை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்.

வினைமுற்றைத் தேடுங்கள்

இனி ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவிலும் உள்ள வினைமுற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஆங்கில மூலத்தில் மூன்று விதமான வினைகள் வரும். ‘ஷால்’ என்பது செய்தே தீர வேண்டிய கடமை. ‘ஷால் எண்டெவர்’ என்பது செய்ய முயல வேண்டும் என்பதாகும். முயன்றேன், முடியவில்லை என்று சொல்லும் நாட்டை அதற்குமேல் கேள்வி கேட்பது கடினம். ‘ரெகக்னைஸ்’ என்பது ஒன்றின் முக்கியத்துவத்தை ஏற்றுக்கொள்வதோடு நின்றுவிடும். ஒத்துழைப்பு பற்றிய அழகான பத்திகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையிலேயே முடிகின்றன.

டீப்பாவின் இரண்டாம் தொகுதியில் இந்த வேறுபாட்டைப் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளிலேயே காணலாம். காகிதமற்ற வணிகம் பற்றிய பிரிவு 2.2, வணிக நிர்வாக ஆவணங்களின், அதாவது ஏற்றுமதி, இறக்குமதிக்காக அரசிடம் தரும் படிவங்களின், மின்னணு வடிவத்தைக் காகித ஆவணத்துக்குச் சட்டப்படி சமமானதாக ஏற்க வேண்டும் என்கிறது. இது கடமைதான், ஆனால் உள்நாட்டு அல்லது பன்னாட்டுச் சட்டத் தேவை வேறாக இருந்தாலோ, நிர்வாகத்தின் பயன் குறையுமென்றாலோ ஏற்க வேண்டியதில்லை என்ற வாசலும் அதே பிரிவில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்துவரும் பிரிவு 2.3, மாற்றத்தக்க மின்னணுப் பதிவுகளுக்கென ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 2017 இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தைப் பின்பற்ற ஒவ்வொரு நாடும் முயல வேண்டும் என்கிறது. கப்பல் சரக்குச் சீட்டைக் காகிதமின்றிக் கைமாற்ற உதவும் சட்டம் அது. சிங்கப்பூர் அதை 2021 இலேயே தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் முயற்சி என்று மட்டும் இருந்ததை உள்நாட்டுச் சட்டம் உறுதியாக்கிய இடம் இது. எனவே சிங்கப்பூர் வாங்குநரோடு வணிகம் செய்பவர் டீப்பாவைவிட அந்த உள்நாட்டுச் சட்டத்தைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்.

ஒரே வாக்கியம், நான்கு ஒப்பந்தங்கள்

தரவு எல்லை கடந்து செல்வது பற்றிய பிரிவே எல்லோரும் முதலில் தேடும் பிரிவு. எல்லோரும் தவறாக வாசிக்கும் பிரிவும் அதுவே. இதை நான்கு ஒப்பந்தங்களில் வரிசையாக வாசித்துப் பாருங்கள். மற்ற எந்தப் பயிற்சியும் இவ்வளவு கற்றுத்தராது.

பசிபிக் கடந்த கூட்டாண்மைக்கான விரிவான முற்போக்கு ஒப்பந்தம் 2018 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 14.11, வணிகத்தை நடத்துவதற்காகத் தகவலை, தனிநபர் தகவல் உட்பட, மின்னணு முறையில் எல்லை கடந்து அனுப்ப ஒவ்வொரு நாடும் அனுமதிக்க வேண்டும் என்று கடமையாகவே சொல்கிறது. நியாயமான பொதுநலக் கொள்கை நோக்கத்துக்காகத் தடை விதிக்கலாம். ஆனால் அந்தத் தடை தன்னிச்சையான பாகுபாடாகவோ, மாறுவேடமிட்ட வணிகத் தடையாகவோ, தேவைக்கு மிகுந்ததாகவோ இருக்கக் கூடாது. மீறினால் வழக்குக் குழுவுக்குப் போகலாம். வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மட்டும், அப்போதே இருந்த அவற்றின் நடவடிக்கைகளுக்கு, இந்த வழக்கு நடைமுறையிலிருந்து இரண்டு ஆண்டு விலக்கு தரப்பட்டது.

2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆர்செப் ஒப்பந்தத்திலும், அதாவது வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டாண்மையிலும், கிட்டத்தட்ட அதே வாக்கியம் இருக்கிறது. ஆனால் பொதுநல நோக்கத்துக்கு ஒரு தடை தேவையா என்பதை அத்தடையை விதிக்கும் நாடே தீர்மானிக்கும் என்று ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது. பாதுகாப்புக்காக எடுக்கும் நடவடிக்கையை மற்ற நாடுகள் எதிர்த்து வாதிடக் கூடாது என்று உரையே சொல்கிறது. போதாததற்கு, மின்வணிக அத்தியாயம் முழுவதையும் பிணக்குத் தீர்வு நடைமுறைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். முன் வாசல் வழியே வந்த கடமை கொல்லைப்புறம் வழியே போய்விட்டது.

டீப்பாவின் பிரிவு 4.3 இன்னும் நுட்பமானது. அது புதிய கடமை எதையும் விதிப்பதில்லை; எல்லை கடந்த தகவல் பரிமாற்றம் தொடர்பாகத் தாங்கள் ஏற்றுக்கொண்ட கடமைகளின் அளவை நாடுகள் உறுதிப்படுத்துகின்றன என்று தொடங்கி, அதன் பின் பசிபிக் ஒப்பந்தத்தின் சொற்களை எடுத்து வைக்கிறது. சர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றிய பிரிவு 4.4 உம் அப்படியே. பின்னிணைப்பு 14-அ இந்த இரண்டையும் பிணக்குத் தீர்வுக்கு வெளியே வைக்கிறது. டிஜிட்டல் பொருள்களுக்குப் பாகுபாடற்ற நடத்தை பற்றிய 3.3, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) பற்றிய 3.4 ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. தொடக்க உறுப்பினர் மூவரும் பசிபிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு இது பெரிய குறையன்று. கடமை அங்கே இருக்கிறது. தென்கொரியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எனவே கொரியா ‘ஏற்றுக்கொண்ட கடமையின் அளவு’ என்ன என்பதை அறிய, 2023 ஜனவரி 14 முதல் நடைமுறையில் இருக்கும் சிங்கப்பூர்–கொரியா டிஜிட்டல் கூட்டாண்மை ஒப்பந்தம் போன்ற பிற ஆவணங்களைத் தனியே திறக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியா–ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம். அதன் ஒன்பதாம் அத்தியாயம் டிஜிட்டல் வணிகம் பற்றியது. தகவல் எல்லை கடந்து செல்வதை, தத்தம் சட்டங்களுக்கு உட்பட்டு ஊக்குவிக்க முயல வேண்டும் என்பதே அங்குள்ள வினை. அத்தியாயம் முழுவதும் பிணக்குத் தீர்வுக்கு அப்பாற்பட்டது. இதை இந்தியாவின் பின்வாங்கல் என்று சிலர் குறைகூறுகிறார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டமே 2023 இல்தான் நிறைவேறிய ஒரு நாடு, அதற்கு முந்தைய ஆண்டில் கைகளைக் கட்டிக்கொள்ளாமல் இருந்தது விவேகம் என்பது என் கருத்து. எப்படியிருப்பினும், நான்கையும் ‘தரவுச் சுதந்திரத்துக்கு உறுதியளிக்கும் ஒப்பந்தங்கள்’ என்று ஒரே மூச்சில் எழுதினால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

விதிவிலக்குகளையும் இல்லாதவற்றையும்

விதிவிலக்குத் தொகுதியைக் கடைசியில் வாசிக்காதீர்கள். கடமைகளோடு சேர்த்தே வாசியுங்கள். டீப்பாவின் பதினைந்தாம் தொகுதியில் வழக்கமான பொது விதிவிலக்குகளும் பாதுகாப்பு விதிவிலக்கும் இருக்கின்றன. அவற்றோடு நியூசிலாந்துக்கென்றே, மாவோரி பழங்குடித் தலைவர்களோடு பிரித்தானிய அரசு 1840 இல் செய்த வைத்தாங்கி உடன்படிக்கை பற்றிய ஒரு பிரிவும் உண்டு. மாவோரி மக்களுக்கு அரசு சாதகமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டியிருந்தால், டீப்பா அதற்குத் தடையாகாது என்பதே அதன் சாரம். இது வெறும் சடங்கன்று. பசிபிக் ஒப்பந்தத்தின் மின்வணிக விதிகள் மாவோரி மக்களின் தரவு மீதான உரிமையைப் போதிய அளவு காக்கவில்லை என்று வைத்தாங்கித் தீர்ப்பாயம் 2021 இல் முடிவு சொன்னது.

யார் ‘உள்ளடக்கப்பட்ட நபர்’, அதாவது அந்த விதிகள் யாருக்குப் பயன்படும், என்ற வரையறையையும் விடாதீர்கள். பசிபிக் ஒப்பந்தத்தின் மின்வணிக அத்தியாயத்தில் அந்தச் சொல் நிதி நிறுவனங்களைச் சேர்ப்பதில்லை; அரசுக்காக வைத்திருக்கும் தகவலும் அத்தியாயத்துக்கு வெளியே. 2020 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கும் சிங்கப்பூர்–ஆஸ்திரேலியா டிஜிட்டல் பொருளாதார ஒப்பந்தம், ஒழுங்குமுறை ஆணையம் தரவைப் பார்க்க முடிகிற வரையில், நிதித்துறைக்கும் சர்வர் இருப்பிடக் கட்டாயத்தை விலக்குகிறது. வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்துக்கு இந்த ஒரு வரையறையே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

இல்லாததையும் தேட வேண்டும். மென்பொருளின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) காட்டினால்தான் இறக்குமதி அனுமதி என்று ஒரு நாடு நிபந்தனை விதிப்பதைப் பசிபிக் ஒப்பந்தத்தின் 14.17 தடுக்கிறது, டீப்பாவில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. பெரிய நாடுகளின் மனமும் இந்த விஷயங்களில் மாறுகிறது. தரவுப் பரிமாற்றம், சர்வர் இருப்பிடம், மூல நிரல் ஆகியவை பற்றி உலக வணிக அமைப்பின் மின்வணிகப் பேச்சுகளில் தான் நெடுங்காலம் வலியுறுத்திய முன்மொழிவுகளுக்கான ஆதரவை அமெரிக்கா 2023 அக்டோபரில் விலக்கிக்கொண்டது. ஆனால் 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள அமெரிக்க–ஜப்பான் டிஜிட்டல் வணிக ஒப்பந்தத்தில் அவை அப்படியே நிற்கின்றன. ஒரு நாட்டின் இன்றைய நிலைப்பாட்டையும் அது ஏற்கெனவே கையெழுத்திட்ட கடமையையும் உங்கள் குறிப்பில் தனித்தனி வரிகளாக எழுதுங்கள்.

சுங்கத் தீர்வை வேறு, வரி வேறு

மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்கத் தீர்வை விதிக்கக் கூடாது என்கிறது டீப்பாவின் 3.2. இதை ‘இணையச் சேவைகளுக்கு வரி கிடையாது’ என்று மொழிபெயர்ப்பவர்கள் அடுத்த பத்தியை வாசிக்காதவர்கள். உள்நாட்டு வரிகளுக்கும் கட்டணங்களுக்கும் இது தடையாகாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. நாடு கடந்து வரும் டிஜிட்டல் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விதிப்பது இதனால் பாதிக்கப்படாது. தீர்வை விலக்கு உலக வணிக அமைப்பில் 1998 முதல் மாநாட்டுக்கு மாநாடு நீட்டிக்கப்பட்டு வந்த தற்காலிக ஏற்பாடு. 2024 அபுதாபி மாநாட்டில், அடுத்த மாநாடு அல்லது 2026 மார்ச் 31, இவற்றில் எது முந்தியதோ அதுவரை என்று எழுதினார்கள். வருவாய் இழப்பைக் காட்டி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அதை நெடுங்காலமாகக் கேள்விக்குள்ளாக்கி வந்துள்ளன. டீப்பா போன்ற ஒப்பந்தங்களில் இந்த விலக்குக்குக் காலாவதித் தேதி இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

ஆவணம் செயலாகும் இடம்

சட்டக் கடமை எவ்வளவு வலிமையானது என்று அளந்த பிறகு, அதைச் செயல்படுத்தும் அமைப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மின்னணு விலைப்பட்டியல் பற்றிய டீப்பா பிரிவு மென்மையானதுதான். ஆனால் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஐரோப்பாவில் பிறந்த ‘பெப்போல்’ தரத்தை 2018 இல் ஏற்று, 2019 ஜனவரியில் நாடு முழுவதற்குமான வலையமைப்பைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதே தரத்தைத் தேர்ந்தெடுத்தன. எனவே அங்குள்ள வாங்குநருக்கு விலைப்பட்டியல் அனுப்பும் மென்பொருளை எழுதுபவர், ஒப்பந்தப் பிரிவைவிட அந்தத் தரத்தின் விவரக்குறிப்பைத்தான் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்–ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தோடு டிஜிட்டல் அடையாளம், வேளாண் ஏற்றுமதிக்கான மின்சான்றிதழ், செயற்கை நுண்ணறிவு முதலிய துறைகளில் ஏழு புரிந்துணர்வு ஆவணங்களும் செய்யப்பட்டன. அதிகாரிகளின் அன்றாட வேலை அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

உடன்படிக்கையே இல்லாமல் காரியம் நடந்ததற்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. இந்தியா டீப்பாவில் இல்லை. ஆயினும் 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐ முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. இந்திய ரிசர்வ் வங்கியும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் செய்த வேலை அது. தொடக்கத்தில் இரு திசையிலும் பணம் அனுப்ப அனுமதிக்கப்பட்ட நான்கு இந்திய வங்கிகளில் இரண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும். நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்பது அன்று அறிவித்த வரம்பு. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர் தஞ்சாவூரில் உள்ள தாய்க்குக் கைப்பேசியிலிருந்தே பணம் அனுப்ப வழி திறந்தது இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளின் இணக்கத்தால். நான் முன்பு சொன்ன ‘கட்டுப்படுத்தாத ஆவணம்’ இந்த வகையைச் சேர்ந்தது.

உங்கள் சொந்தக் குறிப்பு

இவ்வளவும் வாசித்த பின், ஒரே பக்கத்தில் உங்கள் தொழிலுக்கான குறிப்பை எழுதிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் பத்துப் பேரை வைத்துக் கணக்கு மென்பொருள் எழுதிச் சிங்கப்பூர்க் கடைகளுக்கு விற்கும் ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள்வோம். இரு நாடுகளுக்கும் இடையில் பொருந்துவது 2005 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம். ஆகவே டீப்பாவின் பிரிவுகளை மேற்கோள் காட்டிப் பயனில்லை, அதன் மின்வணிக அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். கொழும்பிலிருந்து விற்பவருக்குப் பொருந்துவது 2018 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை–சிங்கப்பூர் ஒப்பந்தம்.

அடுத்து உள்நாட்டுச் சட்டம். இந்தியாவில் 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 16, அறிவிக்கை மூலம் குறிப்பிட்ட நாடுகளுக்குத் தனிநபர் தரவு செல்வதைத் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் சுற்றறிக்கை தனியாக நிற்கிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வாங்குநரின் நாட்டுச் சட்டத்தையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. உங்கள் மென்பொருள் கடைக்காரரின் வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேமிக்கிறது என்றால், நீங்கள் கணக்கு மென்பொருள் மட்டும் விற்பதாக நினைத்திருந்தாலும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தனிநபர் தரவைக் கையாள்பவர்.

ஐயம் தீராவிட்டால் கேட்பதற்கு ஆள் உண்டு. டீப்பாவின் பன்னிரண்டாம் தொகுதியின்படி ஒவ்வொரு உறுப்பு நாடும் ஒரு தொடர்பு அலுவலகத்தை அறிவித்திருக்க வேண்டும். இந்தியாவின் ஒப்பந்தங்களுக்கு வணிகத் துறையை அணுகலாம். ‘இந்த ஒப்பந்தத்தால் எங்களுக்கு என்ன பயன்’ என்று கேட்டால் செய்திக்குறிப்புதான் திரும்ப வரும். எந்தச் சேவை, எந்தத் தரவு எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகிறது, எந்தப் பிரிவின் எந்த வினை பற்றி உங்களுக்கு ஐயம் என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். அப்போது வரும் பதிலைத் தேதியோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.